ஃபோகலோட் மாளிகை (1921): மழையில் அடைபட்ட பிரபுக்களும் ஒரு பழைய கொலையும்

ஒளிநாடா எழுதியது:

ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் மௌனப் படமான 'ஷ்லோஸ் ஃபோகலோட்' (ஃபோகலோட் மாளிகை) பற்றி இங்கே தனி இழை இல்லை, அதனால் தொடங்குகிறேன். அவருடைய இரத்தக்காட்டேரிப் படமான 'நோஸ்ஃபெராட்டு' பற்றிய இழை பக்கம் பக்கமாக ஓடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு அதே இயக்குநர், அதே ஒளிப்பதிவாளர் ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னருடன் எடுத்த படம் இது. பலர் இதைப் பேய்ப்படப் பட்டியல்களில் பார்த்துவிட்டு வருகிறார்கள், பேயைக் காணோமே என்று பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். பேய் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கதை இதுதான். அக்டோபர் மாதம், ஃபோகல்ஷ்ரை பிரபுவின் மாளிகையில் வேட்டைக்காகப் பிரபுக்கள் கூடியிருக்கிறார்கள். மழை விடவில்லை, வேட்டைக்குப் போக வழியில்லை. சீட்டாட்டம், புகை, அரட்டை என்று பொழுது போகிறது. அந்த நேரத்தில் அழைக்காத விருந்தாளியாக வந்து நிற்கிறான் கவுன்ட் யோஹான் ஏட்ச். சில ஆண்டுகளுக்கு முன் சொந்தத் தம்பி பேட்டர் பவுலைச் சுட்டுக் கொன்றவன் என்று எல்லோரும் நம்பும் ஆள். நிரூபணம் இல்லை, ஆனால் பேச்சு அடங்கவும் இல்லை. இதில் இன்னொரு சிக்கல்: செத்துப்போன பேட்டர் பவுலின் மனைவி, இப்போது பாரன் சாஃபர்ஷ்டெட்டைத் திருமணம் செய்துகொண்டவள், அன்றே கணவனுடன் வந்து சேர வேண்டியவள். யோஹானைப் பார்த்ததும் திரும்பிப் போகிறேன் என்கிறாள். ஆனால் ரோமிலிருந்து ஃபாராமுண்ட் என்ற பாதிரியார் வரவிருக்கிறார் என்று தெரிந்ததும் தங்கிவிடுகிறாள்.

என் கட்சி: இதை 'கொன்றது யார்' என்ற படமாகப் பார்த்தால் ஏமாற்றம்தான். யார், யாரிடம், எப்போது வாயைத் திறக்கப் போகிறார்கள் என்பதுதான் இங்கே மர்மம். அப்படிப் பார்த்தால் முர்னாவின் தொடக்க காலப் படங்களில் மிக நேர்த்தியானவற்றில் இதுவும் ஒன்று.

முடிவைப் பற்றிப் பேசுபவர்கள் தயவுசெய்து மேலே ஒரு எச்சரிக்கை போடுங்கள்.

குறட்டைராஜா எழுதியது:

நேர்த்தி எங்கே ஐயா இருக்கிறது? ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வருகிறார். நிற்கிறார். இன்னொருவரை முறைக்கிறார். வசனம் காட்டும் எழுத்து அட்டை. அப்புறம் அவர் போகிறார், வேறொருவர் வருகிறார். திரும்பவும் முறைப்பு, திரும்பவும் அட்டை. என் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொண்டேன்.

கேமரா அசையவே இல்லை. கேமராவை ஓடவிட்டு 'கடைசி மனிதன்' எடுத்த ஆள் எடுத்தது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டேன்.

செல்லுலாய்டு எழுதியது:

ராஜா, எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். மௌனப் படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 16 முதல் 20 சட்டகம் (ஃபிரேம்) வரையிலான வேகத்தில் எடுக்கப்பட்டவை. கேமராவைக் கையால் சுழற்றிய காலம், எல்லாக் காட்சியும் ஒரே வேகத்தில் இருக்காது. அதை அப்படியே 24 சட்டகத்தில் ஓட்டினால் பிரபுக்கள் எல்லாம் தையல் இயந்திர ஊசி மாதிரி துள்ளித் துள்ளி நடப்பார்கள். இந்தப் படத்துக்கு அது பெரிய கேடு. நடிகர்கள் வேண்டுமென்றே மெதுவாகத் திரும்புகிறார்கள், மெதுவாகக் கையை எடுக்கிறார்கள். அந்த மெதுவு போனால் மிஞ்சுவது கதவும் முறைப்பும்தான்.

இரண்டாவது, வண்ணம். வெறும் கறுப்பு வெள்ளையாக இணையத்தில் சுற்றுவது பாதிப் படம். அந்தக் காலத்தில் திரையரங்குக்குப் போகும் பிரதியைச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். விளக்கொளி அறைக்கு ஒரு நிறம், இரவுக்கு நீலம் என்று. நெகட்டிவில் இந்த நிறம் இருக்காது, அதனால் நெகட்டிவிலிருந்து மட்டும் எடுத்த பிரதியில் பகலா இரவா என்றே சில இடங்களில் தெரியாது. முர்னாவ் அறக்கட்டளை மீட்டெடுத்த பிரதியில் சாயம் உண்டு, ஓட்டமும் சுமார் 80 நிமிடம். அதைப் பாருங்கள், அப்புறம் சண்டை போடலாம்.

குறட்டைராஜா எழுதியது:

நான் பார்த்தது கறுப்பு வெள்ளைதான், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. சரி, சாயம் போட்டதைத் தேடுகிறேன். ஆனால் எழுத்து அட்டைகள் சாயத்தில் கரைந்துவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வடக்குவீதி எழுதியது:

அட்டைகள் அதிகம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். திரைக்கதை கார்ல் மேயர் என்பதால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இதே 1921இல் அவர் லூபு பிக் இயக்கிய 'ஷெர்பன்' படத்துக்கு எழுதினார். அதில் அட்டை கிட்டத்தட்டக் கிடையாது. அவர் எழுதிய 'கடைசி மனிதன்' படமும் அப்படித்தான். அட்டையே இல்லாமல் கதை சொல்லத் தெரிந்தவர் இங்கே ஏன் இத்தனை போட்டார்?

என் ஊகத்துக்குக் காரணம் படம் உருவான விதம். ருடோல்ஃப் ஷ்டிராட்ஸ் எழுதிய நாவல் 'பெர்லினர் இல்லுஸ்ட்ரிர்ட்டே ட்சைட்டுங்' என்ற வார இதழில் தொடராக வந்தது. அந்த இதழ் உல்ஷ்டைன் பதிப்பகத்துடையது. உல்ஷ்டைனும், தயாரிப்பாளர் எரிக் பொம்மரின் டெக்லா-பியாஸ்கோப் படநிறுவனமும் சேர்ந்து ஊக்கோ-ஃபில்ம் என்று ஒரு நிறுவனம் வைத்தார்கள். தொடராக வந்து ஓடிய கதைகளைப் படமாக்குவது அதன் வேலை. அடுத்த ஆண்டு ஃபிரிட்ஸ் லாங்கின் 'டாக்டர் மபூஸே', முர்னாவின் 'ஃபான்டோம்' இரண்டும் அதே வழியில் வந்தவை. தொடர்கதை படித்து வந்த கூட்டத்துக்குப் படம் காட்டும்போது வசனத்தைத் தூக்கி எறிய முடியாது.

இதிலேயே ஒளிநாடா சொன்னதற்கு ஆதாரமும் இருக்கிறது. 1921 ஏப்ரல் 7 அன்று பெர்லினின் மார்மோர்ஹவுஸ் திரையரங்கில் படம் வெளியானபோது, உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்குக் கொலைகாரன் யார் என்று முன்பே தெரிந்திருக்கும். தெரிந்தும் பார்க்க வேண்டுமென்றால் வேறு ஏதாவது இருந்தாக வேண்டும்.

பொழுதுபோகாதவன் எழுதியது:

எனக்குப் பிடித்தது அந்த மாளிகைதான். வெளியே இருந்து காட்டும்போது சின்ன மாதிரி உருவம் என்று தெரிந்துவிடுகிறது, அதைச் சொல்லிச் சிரிக்கலாம். உள்ளே நுழைந்தால் சிரிப்பு நின்றுவிடும். அரங்க அமைப்பு ஹெர்மன் வார்ம். 'டாக்டர் காலிகாரி' படத்தில் கோணல் சுவரும் வளைந்த சன்னலும் வரைந்த மூவரில் ஒருவர். இங்கே ஒரு சுவர் கூடக் கோணல் இல்லை. எல்லாம் நேர்க்கோடு, உயரக் கூரை, பெரிய வெற்றிடம். மனிதர்கள் அதில் சின்னதாகத் தெரிகிறார்கள்.

கொலைக்குப் பிறகு பாரன் சாஃபர்ஷ்டெட்டும் பேட்டர் பவுலின் மனைவியும் அந்த வெறிச்சோடிய கூடத்தில் ஆளுக்கொரு பக்கமாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிற்கும் காட்சி இருக்கிறதே, அதற்கு அட்டை தேவைப்பட்டதா ராஜா? காலிகாரி பாணி என்றால் சுவர் அலற வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும். சுவர் சும்மா இருக்கிறது. ஆட்கள்தான் உடைந்துபோயிருக்கிறார்கள்.

கேமரா அசையவில்லை என்ற குறைக்கும் இதுதான் பதில். அசைந்தால் அந்த வெற்றிடம் கலைந்துவிடும்.

செல்லுலாய்டு எழுதியது:

கடைசி வரியை மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள். அசையாததற்கு அவசரமும் ஒரு காரணமாக இருக்கலாம். 16 நாளில் எடுத்து முடித்த படம் என்று சொல்லப்படுகிறது. பதினாறு நாளில் கேமராவைப் பறக்கவிட யாருக்கு நேரம்? அந்த நெருக்கடியிலும் சட்டகத்தை இப்படி அடுக்கினார் என்பதைப் பாராட்டுவோம். எல்லாவற்றையும் கொள்கையாக்க வேண்டாம்.

ஆத்தங்கரை எழுதியது:

*எச்சரிக்கை: முடிவு முழுவதும் இதில் இருக்கிறது. பார்க்காதவர்கள் தாண்டிப் போங்கள்.*

பாதிரியார் வருகிறார், சீமாட்டி அவரிடம் பாவமன்னிப்பு கேட்டுப் பேசத் தொடங்குகிறாள், பாதியில் நிறுத்திவிடுகிறாள். பிறகு பாதிரியார் காணாமல் போகிறார். எல்லோரும் யோஹானைச் சந்தேகிக்கிறார்கள். கடைசியில் பாதிரியார் திரும்பி வருகிறார், அவள் மீதியைச் சொல்லி முடிக்கிறாள், அவர் தாடியையும் பொய்முடியையும் கழற்றுகிறார். பார்த்தால் யோஹான்!

மன்னிக்கவும், இது எனக்கு மோசடியாகத்தான் தெரிகிறது. ஒருவன் இருக்கும்போது மற்றவன் இல்லை, மற்றவன் வரும்போது இவன் இல்லை. ஒரு மாளிகை நிறையப் பிரபுக்கள், அதில் ஓய்வுபெற்ற நீதிபதி வேறு, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையாம். ஒட்டுத்தாடி கண்ணுக்கே தெரிகிறது. நான் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

ஒளிநாடா எழுதியது:

*முடிவு இதிலும் உண்டு.*

கண்டுபிடித்த பிறகு படம் கெட்டுவிட்டதா? எனக்கு நேர்மாறாக இருந்தது. அவள் பேசுவது யாரிடம் என்று நமக்குத் தெரிந்துவிட்டால், சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் வேறு கனத்தில் விழுகிறது. தம்பியைக் கொன்றவன் என்று யோஹான் மேல் பழி விழக் காரணமான பெண், அந்தப் பழியின் உண்மையை, தெரியாமல், அவனிடமே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் முகத்தை அசைக்கக் கூடாது.

அவள் சொல்லும் கதையையும் பாருங்கள். பயணம் போன கணவன் ஆளே மாறித் திரும்புகிறான். புத்தகமும் பிரார்த்தனையும்தான் அவனுக்கு எல்லாம். உலகத்தைத் துறக்கிறேன் என்கிறான். அன்பான மனைவி எதிரே நிற்கிறாள், அவன் கண் அவளைத் தாண்டி எங்கேயோ இருக்கிறது. அந்தத் தூய்மை தாங்காமல் அவளுக்குத் தீமையின் மேல் ஏக்கம் வருகிறது. ஏதாவது கெட்டது நடந்தால் தேவலை என்று தன்னை விரும்பும் சாஃபர்ஷ்டெட்டிடம் சொல்கிறாள். அவன் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு பேட்டர் பவுலைச் சுட்டுவிடுகிறான்.

இந்த ஒரு காரணத்துக்காகவே படத்தை மறக்க முடியவில்லை. சொத்து இல்லை, பொறாமை கூட முதன்மை இல்லை. ஒரு வாய்ச்சொல். அதற்கப்புறம் அந்த இருவரும் திருமணம் செய்துகொள்வது காதலால் இல்லை, ஒரே குற்றத்தில் மாட்டிக்கொண்டதால்.

கோயில்மணி எழுதியது:

*முடிவு உண்டு.*

ஆத்தங்கரைக்கு ஒரு பதில். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள், எனக்கு அந்த மாறுவேடம் மோசடியாகத் தெரியவில்லை, கட்டாயமாகத் தெரிந்தது.

பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவமன்னிப்புக்காக ஒருவர் குருவிடம் சொல்லும்போது, கேட்டதைக் குருவானவர் வெளியே சொல்லக் கூடாது. கொலையே ஆனாலும் கூடாது, ஒரு நிரபராதியைக் காப்பாற்றவும் கூடாது. அதை மீறும் குருவுக்குத் திருச்சபையின் மிகக் கடுமையான தண்டனை. ஆக உண்மையான ஃபாராமுண்ட் வந்து, அவளும் எல்லாவற்றையும் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் மன்னிப்பும் பரிகாரமும் சொல்லியிருப்பார், யோஹான் மேல் பழி அப்படியே இருந்திருக்கும். உண்மை வெளியே வர ஒரே வழி, கேட்பவர் குருவாக இல்லாமல் இருப்பதுதான். கதை அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறது.

ஆனால் இதனாலேயே எனக்கு யோஹானைப் பிடிக்கவில்லை. நிரபராதிதான், பாவம்தான். இருந்தாலும் ஒருத்தி மண்டியிட்டுச் சொன்னதைத் திருட்டுத்தனமாகக் கேட்கிறான். யோஹானாக நடித்த லோத்தர் மேனர்ட் அந்தப் பாத்திரத்தை இனிமையாக்கப் பார்க்கவே இல்லை, அது நல்ல முடிவு. முதல் காட்சியில் எந்த வெறுப்போடு பார்த்தோமோ, உண்மை தெரிந்த பிறகும் அதில் கொஞ்சம் மிஞ்சுகிறது.

ஆத்தங்கரை எழுதியது:

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை, நல்ல விளக்கம். தாடி மட்டும் இன்னும் கொஞ்சம் நல்ல தாடியாக ஒட்டியிருக்கலாம்.

நடிகர்பித்தன் எழுதியது:

யாருமே ஓல்கா செகோவாவைப் பற்றிப் பேசவில்லையே! சீமாட்டியாக வருபவர் அவர்தான். ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகோவின் மனைவி ஓல்கா நிப்பரின் அண்ணன் மகள். செகோவின் அண்ணன் மகனான நடிகர் மிகயீல் செகோவை மணந்து பிரிந்தவர். புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு வந்தார், வந்த கொஞ்ச காலத்திலேயே இந்தப் படம். பிறகு நாஜி காலத்தில் பெரிய நட்சத்திரம், ஹிட்லரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் கூட உண்டு. சோவியத் உளவாளி என்று ஒரு பேச்சு. அதை வைத்தே தனிப் புத்தகம் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். அந்த உளவு விஷயத்தில் என்ன நடந்தது என்றால்

இழைக்காவலர் எழுதியது:

உளவு விஷயத்துக்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள், இங்கே படத்தில் நிற்போம். அவருடைய நடிப்பைப் பற்றி எழுதினால் மகிழ்ச்சி.

நடிகர்பித்தன் எழுதியது:

உத்தரவு. நடிப்பில் எனக்குத் தெரிந்தது அவர் கைகள். துக்கம் என்றால் நெஞ்சில் கை வைப்பது, பயம் என்றால் வாயைப் பொத்துவது என்று மற்றவர்கள் போகும்போது, இவர் பெரும்பாலும் கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்கிறார். பாவமன்னிப்புக் காட்சியில் பேசிக்கொண்டே தூரத்தைப் பார்க்கும் பார்வை போதும். பாரனாக வரும் பவுல் பில்டும் அடக்கம்தான். பக்கத்தில் யூலியுஸ் ஃபால்கன்ஷ்டைன் கண்ணை உருட்டிக்கொண்டிருப்பதால் இந்த இருவரின் அமைதி இன்னும் எடுப்பாகத் தெரிகிறது.

பொழுதுபோகாதவன் எழுதியது:

ஃபால்கன்ஷ்டைன் பெயரைச் சொன்னீர்கள், அந்தக் கனவுக்கு வந்தாக வேண்டும். பயந்தாங்கொள்ளி விருந்தாளி தூங்குகிறார். சன்னல் திறந்துகொள்கிறது, திரைச்சீலை பறக்கிறது, மயிர் அடர்ந்த நகக்கை ஒன்று உள்ளே நீண்டு வந்து அவரைப் படுக்கையிலிருந்து இழுக்கிறது. சில நொடிதான். 'நோஸ்ஃபெராட்டு' 1922 மார்ச்சில் வந்தது. அதில் இரத்தக்காட்டேரியாக வரும் கோமான் ஓர்லோக்கின் விரல்களைப் பார்த்துப் பயந்த யாருக்கும் இந்தக் கை எங்கே போய்ச் சேர்ந்தது என்று புரியும். இங்கே அது வேடிக்கை, அடுத்த ஆண்டு அதே ஆளுக்கு அது வேடிக்கை இல்லை.

படத்தைப் பேய்ப்படப் பட்டியலில் சேர்த்ததே இந்தக் கை தானோ என்னவோ.

மூணாம்வகுப்பு எழுதியது:

இன்னொரு கனவும் இருக்கிறது, அதை யாரும் கண்டுகொள்வதில்லை. சமையலறைப் பையன். ருசி பார்த்ததற்குச் சமையல்காரரிடம் அறை வாங்கியவன். தூக்கத்தில் அவன் இனிப்பை நக்குகிறான், சமையல்காரரை அறைகிறான். சிரிப்புக்காகப் போட்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த மாளிகையில் இருக்கும் ஒரே சுத்தமான ஆசை அதுதான் என்று தோன்றியது. மேலே ஒரு சீமாட்டி தீமைக்கு ஏங்கி ஒரு உயிர் போகிறது, கீழே ஒரு பையன் ஒரு கரண்டி இனிப்புக்கு ஏங்குகிறான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிரபுக்களுக்கு அப்போதே சட்டத்தில் இடமில்லை. ஜெர்மனி குடியரசானதும் வந்த 1919 வைமர் அரசியலமைப்பு பிறப்பால் வரும் சலுகைகளை ஒழித்தது. கவுன்ட், பாரன் என்பதெல்லாம் பெயரோடு ஒட்டிய வெறும் சொல்லாகிவிட்டது, புதிதாக யாருக்கும் கொடுக்கவும் கூடாது. முடியரசு போய் மூன்று வருடம் கூட ஆகாத நேரத்தில், டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பெர்லின்காரர் திரையில் பார்த்தது என்ன? வேட்டைக்கும் போக முடியாமல், வீட்டுக்கும் போக முடியாமல், பழைய குற்றத்தைச் சுற்றிச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டம். இதை இயக்குநர் நினைத்து எடுத்தாரா என்று கேட்காதீர்கள். பார்த்தவர்களுக்குத் தோன்றாமல் இருந்திருக்குமா?

செல்லுலாய்டு எழுதியது:

தோன்றியிருக்கலாம், ஆனால் கோட்டையும் கோமானும் என்றால் ஜெர்மன் சினிமாவில் அப்போது கூட்டம் வரும் என்பதும் உண்மை. பத்திரிகைத் தொடரில் பிரபுக்கள் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அரசியலை அளவாகவே ஏற்றுங்கள்.

சமையலறைப் பையன் விஷயத்தில் முழு உடன்பாடு. அந்த வெட்டு மேலிருந்து கீழே போய் மேலே வருவதால்தான் படத்துக்கு மூச்சு இருக்கிறது.

குறட்டைராஜா எழுதியது:

*முடிவு உண்டு.*

சாயம் போட்ட பிரதியைப் பார்த்துவிட்டேன். தூங்கவில்லை, அதுவரை சரி. வேகம் சரியாக இருந்ததும் யோஹான் முறைப்பது பயமுறுத்தியது, முதல் தடவை சிரிப்பாக இருந்தது. கூடத்தில் இருவரும் நிற்கும் காட்சியும் ஏற்கிறேன்.

ஒரு குறை மாறவில்லை. சாஃபர்ஷ்டெட் தற்கொலை செய்துகொள்கிறான், எல்லாம் முடிந்தது. அப்போது பார்த்து உண்மையான ஃபாராமுண்ட் வந்து சேர்கிறார். ஏன்? எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது எதற்கு ஒரு பாதிரியார் மறுபடியும்? எனக்கு அது நகைச்சுவைத் துணுக்கு மாதிரி இருந்தது.

கோயில்மணி எழுதியது:

*முடிவு உண்டு.*

அது தேவையான வருகை. பொய்க் குரு கேட்டது பாவசங்கீர்த்தனமே ஆகாது, மன்னிப்பும் செல்லாது. அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், கணவன் செத்துவிட்டான், ஆனால் அவளுக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை. அது கொடுக்க அதிகாரம் உள்ள ஆள் இப்போதுதான் வாசலில் வருகிறார். தாமதமாக வந்தார் என்பதுதான் கொடுமை, தேவையில்லாமல் வரவில்லை.

ஒளிநாடா எழுதியது:

இதை நான் எழுதியிருக்க வேண்டும், கோயில்மணி முந்திக்கொண்டார்.

புதுவரவு எழுதியது:

வணக்கம். இழை முழுவதும் படித்தேன், முடிவு எச்சரிக்கைகளைத் தாண்டித்தான் படித்தேன். முர்னாவ் படம் ஒன்று கூடப் பார்த்ததில்லை. இதிலிருந்து தொடங்கலாமா? 1936இல் பேசும் படமாகவும் வந்ததாமே, அது எளிதாக இருக்குமா?

செல்லுலாய்டு எழுதியது:

1936 படம் மாக்ஸ் ஓபல் இயக்கியது. அதே நாவல், வேறு ஆள், வேறு காலம். முர்னாவைத் தெரிந்துகொள்ள அது உதவாது. 'கடைசி மனிதன்' முதலில், பிறகு 'சன்ரைஸ்', அப்புறம் 'நோஸ்ஃபெராட்டு', அதற்குப் பிறகு இது. அவருடைய தொடக்க காலப் படங்கள் பல தொலைந்துவிட்டன, 1920இல் எடுத்த 'யானுஸ்கோப்ஃப்' உட்பட. அதனால் 'நோஸ்ஃபெராட்டு'வுக்கு முன் அவர் கை எப்படி இருந்தது என்று பார்க்கக் கிடைக்கும் கொஞ்சத்தில் இதுவும் ஒன்று.

குறட்டைராஜா எழுதியது:

புதுவரவு, அவர் சொன்ன வரிசையிலேயே பாருங்கள். இதை மட்டும் சாப்பிட்ட உடனே பார்க்காதீர்கள்.